மறு: முன்பள்ளிப் படிவத்தில் "முழுமையான மதிப்பீடு" சரிவருமா?

> பிள்ளை விளையாடும்போது உடல், மொழி, மனம், பழகும் விதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதை "முழுமையான மதிப்பீடு" என்று எழுதலாமா? பெற்றோருக்கும் போகும் படிவம்.

வணக்கம் ரீச்சர்,

இரண்டு சொல்லுமே இடறுகின்றன. இலங்கையில் தகவல் திரட்டிப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது கணிப்பீடு; அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. "பாடசாலை மட்டக் கணிப்பீடு" என்றுதானே வழங்குகிறோம்? நாலு வயதுக்குத் தீர்ப்பு எதற்கு?

"முழுமையான" என்பதைத் தமிழ்நாட்டில் 2012இல் முப்பருவ முறையோடு வந்த "தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு" எடுத்துக்கொண்டுவிட்டது. அங்கே அதற்கு எதுவும் விடுபடாமல் என்று பொருள். நாங்கள் தேடுவது ஹோலிஸ்டிக் (holistic). 1926இல் தென்னாபிரிக்க அரசியல்வாதி யான் ஸ்மட்ஸ், முழுது எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து ஆக்கிய கருத்து அது: பகுதிகளைக் கூட்டினால் முழுது வந்துவிடாது.

வகுப்பறையில் இந்த வேறுபாடு பெரிது. கொழும்பு வெள்ளவத்தை முன்பள்ளியொன்றில் கடை விளையாட்டு நடக்கிறது என்று வையுங்கள். "நாலு மூடி தாங்கோ" என்கிறது ஒரு பிள்ளை. கடைக்காரப் பிள்ளை "எக, தெக, துன, ஹதர" என்று சிங்களத்தில் எண்ணி, ஒவ்வொன்றாகத் தொட்டு நாலு எடுத்துக் கொடுத்து, "காசு?" என்று தமிழில் கேட்கிறது. கட்டம் போட்ட படிவத்தில் கணிதத்துக்குச் சரி, தமிழ்மொழிக்குப் பிழை. உண்மையில் நடந்தது ஒரே செயல், அதுவும் கெட்டித்தனமான செயல். மறுபக்கம், பத்துவரை பாட்டாகச் சொல்லும் பிள்ளை நாலு மூடி கேட்டால் கையில் வந்ததை அள்ளித் தரும். அதற்கும் "எண்ணுகிறது" என்று சரி போட்டுவிடுவார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: முழுநோக்குக் கணிப்பீடு. "ஒருங்கிணைந்த" வேண்டாம், அது பாடங்களைச் சேர்ப்பதோடு குழம்பும்.

---

> முழுநோக்குக் கணிப்பீடு

மூன்றாமவராக நானும் சொல்கிறேன்: கணிப்பீட்டுக்கு என் வாக்கு. "நோக்கு" அச்சில் "நோக்கம்" ஆகிவிடும், பிறகு இலக்கு என்று வாசிப்பார்கள். முழுதுநோக்கு என்றால் அந்தத் தொல்லை குறைவு. "முழுதுநோக்காகக் கணித்தல்" என்று வினையாகவும் வரும்.

படிவத்தில் இன்னொரு பொறி: "விளையாட்டு: நன்று" என்று கண்டால் பெற்றோருக்கு நினைவில் வருவது பாடசாலை இல்லங்களுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போட்டிதான். "விளையாட்டுவழிக் கற்றல்" என்று முழுதாகவே எழுதுங்கள்.

சொல் எதுவானாலும் பதிவு கெட்டால் பயனில்லை. இருபது பிள்ளைகள் என்றால் நாளுக்கு இருவர், பத்துப் பள்ளி நாளில் ஒரு சுற்று. திகதி, இடம், செய்தது, சொன்னது சொன்னபடியே. மூன்று நாலு வரி போதும். "கூச்சமுள்ள பிள்ளை" என்று அந்த இடத்திலேயே எழுதக்கூடாது. "பத்து நிமிடம் கடைக்கு வெளியே நின்று பார்த்தது, பிறகு பையோடு வந்தது" என்று எழுதினால்தான் அடுத்த சுற்றில் ஒப்பிட ஏதாவது இருக்கும். விளக்கம் வேறு நிரலில், பின்னேரம்.

---

முழுதுநோக்குக் கணிப்பீடு, முதலில் முன்மொழிந்த எனக்கும் சம்மதம். ஆசிரியர் கையேட்டில் அதைப் போடுவோம். பெற்றோர் படிவத்தின் தலைப்பு மட்டும் "பிள்ளையை முழுதாகப் பார்த்தல்" என்று இருக்கட்டும், ரீச்சர்.