பிரான்ஸ் எல்லையோரச் சின்ன ஊர்ல நடந்த ஏதாவது ஒண்ணு இன்னும் மனசுல ஓடிட்டு இருக்கா? சொல்லுங்க

லாட்டர்கரை:

நான் இருக்கறது விஸ்ஸம்பூர், அல்சாஸ் வடக்கு மூலை. திராட்சைத் தோட்டத்து வழியா அரை மணி நேரம் நடந்தா ஜெர்மனி, ஷ்வைகன் வாசல்ல அந்த 1936-ல கட்டின ஒயின் கேட். இங்க நிறைய பேருக்கு ஊர் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

எங்க பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு தங்கச்சி, ஷ்வைகன்ல கட்டிக் குடுத்தது. சனிக்கிழமை காலைல சந்தை முடிஞ்சதும் பாட்டி கையில ஒரு குகெல்ஹோஃப் (நடுவுல ஓட்டை வெச்சு மேல பாதாம் பதிச்ச கேக், தெரியும்ல, வீட்டு மண் அச்சுல சுட்டது) துணில சுத்தி எடுத்துட்டு நடந்தே தங்கச்சி வீட்டுக்குப் போவாங்க, சாயந்தரம் அங்கேர்ந்து சோப்பு ஷாம்புன்னு எதையாவது வாங்கிட்டு வருவாங்க, அந்தப் பக்கம் அதெல்லாம் விலை கம்மி. இதுல எல்லைன்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் ஞாபகம் இருக்காது. 2020 மார்ச் 16-ஆம் தேதி கொரோனாவால ஜெர்மனிக்காரங்க எல்லையில சோதனையை ஆரம்பிச்சாங்க, சின்ன வழியெல்லாம் தடுப்பு வெச்சு மூடிட்டாங்க, ஜூன் 15 வரைக்கும் அப்படித்தான்.

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை, பாட்டி துணைக்கு வான்னாங்க, போனேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் தங்கச்சி மடக்கு நாற்காலியோட. நடுவுல ஒரு போலீஸ்காரப் பையன், இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது. பொருள் எதையும் கைமாத்தக் கூடாதுங்கன்னு மரியாதையா சொல்லிட்டான். பாட்டி சரின்னாங்க. சரின்னுட்டு அங்கேயே துணியைப் பிரிச்சு, வீட்லேர்ந்து கொண்டு வந்த கத்தியால குகெல்ஹோஃபை ரெண்டா வெட்டினாங்க, பாதியைக் கான்க்ரீட் கட்டை மேல வெச்சாங்க, ரெண்டடி பின்னால வந்து நின்னுட்டாங்க. பையன் அதைப் பாத்தான், பாட்டியைப் பாத்தான். அப்புறம் திரும்பித் திராட்சைத் தோட்டத்தைப் பாத்துட்டு நின்னான், எவ்வளவு நேரம்னா தங்கச்சி எழுந்து, குச்சி ஊனிட்டு வந்து, எடுத்துட்டுத் திரும்பப் போய் உக்கார்ற வரைக்கும். அவங்க மெதுவாத்தான் நடப்பாங்க. அந்தப் பையன் முதுகு இன்னும் என் கண்ணுல இருக்கு. பாட்டி வர்ற வழியில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, எங்கம்மா பொறந்தது ஜெர்மனில, பள்ளிக்கூடம் போனது பிரான்ஸ்ல, எனக்குத் தொட்டில் கட்டினது மறுபடி ஜெர்மனில, நான் நடக்கப் பழகினது பிரான்ஸ்ல, எல்லாம் ஒரே வீடுன்னு. 1918, 1940, அப்புறம் போர் முடிஞ்சப்ப, மூணு தடவை கோடு மாறியிருக்கு.

உங்களுக்கு இது மாதிரி ஏதாவது இருந்தா எழுதுங்க.

கார்ல்ஸ்ரூ_தம்பி:

அக்கா படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல.

என்னுது சின்ன விஷயம். கார்ல்ஸ்ரூல மாஸ்டர்ஸ் படிக்கும்போது அக்டோபர்ல பசங்களோட வின்டன்ல ரயில் மாறி விஸ்ஸம்பூர் வந்தோம், புது ஒயின் சீசன். தெரியாதவங்களுக்கு, அது இன்னும் நுரைச்சிட்டே இருக்கற ஒயின், நம்மூர் கள்ளு மாதிரி காலைல இனிப்பு சாயந்தரம் ஏறிடும், பாட்டிலை இறுக்கி மூடினா வெடிச்சிடும்னு மூடியைச் சும்மா மேல வெச்சுத்தான் குடுப்பாங்க. அதோட ஃப்ளாமென்கூஷ், அதான் பிரெஞ்சு பீட்சா, சாப்பிட்டோம். திரும்பி வர்றப்ப ரயில்ல எதிர் சீட்டுல ஒரு தாத்தா, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல ஒரு பாட்டில் புது ஒயினை நிமிர்த்திப் பிடிச்சிட்டு இருந்தார், ஒரு கை கழுத்துல ஒரு கை அடியில. வளைவு வர்றப்பல்லாம் பாட்டில் சாயாம ஆள் மொத்தமா சாஞ்சார். என் ஃப்ரெண்டு நான் கொஞ்சம் பிடிக்கட்டுமான்னு கேட்டான். அவர் குடுக்கல. லாண்டாவ்ல ஆஸ்பத்திரில அவர் சம்சாரம் இருக்காங்களாம், இந்த வருஷத்தோட முதல் ஒயினை அவங்க மோந்தாவது பாக்கணும், குடிக்க டாக்டர் விட மாட்டார்னு சொன்னார். வின்டன் வந்துடுச்சு, நாங்க இறங்கிட்டோம், அவர் அதே ரயில்ல லாண்டாவ் பக்கம் போனார். கொண்டு போய்ச் சேத்தாரான்னு தெரியல. வருஷா வருஷம் அக்டோபர் ஆனா இது ஞாபகம் வந்துடுது.

பால்ஸ்_பெரியவர்:

ரெண்டு பேர் எழுதினதும் நல்லா இருக்கு ஆனா ரெண்டு விஷயம் சொல்லாம விட முடியல.

முதல்ல தம்பிக்கு. ஃப்ளாமென்கூஷை பீட்சான்னு சொல்லாதீங்க. கிராமத்துல ரொட்டி சுடற விறகு அடுப்பு சூடு சரியா இருக்கான்னு பாக்க, ரொட்டி மாவுலயே கொஞ்சம் எடுத்து மெல்லிசாத் தேச்சு, மேல க்ரீம், வெங்காயம், பன்றிக்கொழுப்பு போட்டு உள்ள தள்ளுவாங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஓரம் கருகுச்சுன்னா அடுப்பு இன்னும் ரொட்டிக்கு ஆகல, கொஞ்சம் ஆறணும். தக்காளியும் கிடையாது இத்தாலியும் கிடையாது. பிரெஞ்சுன்னும் மட்டும் சொல்லாதீங்க, ஜெர்மனில எங்க பால்ஸ் வட்டாரத்துலயும் அதே அடுப்பு அதே பண்டம்தான்.

ரெண்டாவது லாட்டர்கரைக்கு. அந்தப் பாட்டியோட அம்மா ஒரே வீட்டுல இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க, 1939 செப்டம்பர்ல போர் ஆரம்பிச்சதும் எல்லையோரத்து ஊர்களை மொத்தமாக் காலி பண்ணி பிரான்ஸ் தென்மேற்குக்கு ரயில்ல ஏத்திட்டாங்க. கையில எடுத்துட்டுப் போற மூட்டை மட்டும்தான். மாட்டைக் கொட்டில்ல அவுத்து விட்டுட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்ப ஊர் ஜெர்மனி. அதுக்கப்புறம் 1942-லேர்ந்து பசங்களை ஜெர்மன் படைக்குக் கட்டாயமாப் பிடிச்சாங்க, நிறைய பேரை ரஷ்யப் போர்முனைக்கு. அந்த வயசுக்காரங்க வீட்டுல இதெல்லாம் பேச மாட்டாங்க, அதனாலதான் ஒரே வீடுன்னு சுருக்கமா முடிச்சிருப்பாங்க.

என் அனுபவம்னு பெருசா இல்ல, ஷ்வைகன் பக்கம் ஒரு விவசாயி எனக்குத் தெரியும், அவரோட திராட்சைக் கொடி பாதிக்கு மேல பிரான்ஸ் மண்ணுல நிக்குது, பழம் பறிச்சு இந்தப் பக்கம் கொண்டு வந்து ஜெர்மன் ஒயினாவே விக்கிறார், சட்டப்படியே. ஒரு நாள் டிராக்டரை நிறுத்திட்டு மண்ணை எடுத்து என் கையில வெச்சு இது எந்த நாடு சொல்லுங்கன்னார். அவ்வளவுதான்.

இனி விஸ்ஸம்பூர் போறவங்களுக்கு. சனிக்கிழமை காலைல போங்க, சந்தை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். சாப்பாடு பன்னெண்டுலேர்ந்து ரெண்டுக்குள்ள, ரெண்டே காலுக்கு வந்து நின்னா சமையல்கட்டு மூடியாச்சுன்னு சொல்லிடுவாங்க, கெஞ்சினாலும் கிடைக்காது. அக்டோபர் 3 ஜெர்மனில லீவு, பிரான்ஸ்ல கிடையாது, அன்னைக்குப் பாதி பால்ஸ் அங்கதான் நிக்கும், உக்கார இடம் கிடைக்காது. டிசம்பர் 26 அல்சாஸ்லயும் பக்கத்து மோசெல்லயும் லீவு, மத்த பிரான்ஸ்ல இல்ல, பாரிஸ்லேர்ந்து வர்றவங்க அதைப் பாத்துக்கோங்க. 2024 செப்டம்பர்லேர்ந்து ஜெர்மன் போலீஸ் மறுபடி அப்பப்ப நிறுத்திப் பாக்கறாங்க, பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் ஒரிஜினல் கையில இருக்கட்டும், மொபைல்ல போட்டோ காட்டினா போதாது. ஸ்ட்ராஸ்பூர் ரயிலும் விஸ்ஸம்பூர்லதான் முடியுது, வின்டன் ரயிலும் அங்கதான் முடியுது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு காத்திருக்காது, அதனால கடைசி ரயிலை நம்பிப் போகாதீங்க, அதுக்கு முந்தின ரயிலைப் பாத்து வெச்சுக்கோங்க. மன்ஸ்டர் சீஸ் வாங்கினா ரெண்டு கவர் போட்டுக் கட்டிக்கோங்க, பெட்டி பூரா வாசனை வரும். புது ஒயினை வீட்டு ஃப்ரிட்ஜ்ல நிமிர்த்தித்தான் வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது.

மீனா_ஸ்ட்ராஸ்பூர்:

ஐயா, அந்தப் பாட்டி வீட்டுல என்ன பேசினாங்க பேசலன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஒரு பேத்தி வயசுப் பொண்ணுகூட நடந்து வர்றப்ப சொன்ன வார்த்தை அது, அதுக்குத் திருத்தம் வேணுமான்னு எனக்குத் தோணுது. ஊர் காலி பண்ணினது உண்மைதான், அதுக்காக அவங்க வீடு அவங்க வீடு இல்லன்னு ஆயிடுமா.

சரி என்னோடது. டிசம்பர், கிறிஸ்மஸ்க்கு முந்தின ஞாயித்துக்கிழமை, பையனுக்கு அப்ப நாலு வயசு, விஸ்ஸம்பூர்ல ஹான்ஸ் டிராப் ஊர்வலம். தலையில மெழுகுவத்திக் கிரீடம் வெச்ச வெள்ளை உடுப்பு கிறிஸ்ட்கின்டல், அதான் பிள்ளைங்களுக்குப் பரிசு கொண்டு வர்றது, ஒரு பக்கம் வரும், பின்னாலயே தோல் போத்திக்கிட்டு, தாடி, சங்கிலியைத் தரையில இழுத்துக்கிட்டு ஹான்ஸ் டிராப். அது சும்மா கட்டின பேய் இல்ல, ஹான்ஸ் ஃபான் டிரோத்தான்னு நெஜமாவே 15-ஆம் நூற்றாண்டுல பெர்வார்ட்ஷ்டைன் கோட்டைல இருந்த ஆளு. விஸ்ஸம்பூர் மடத்தோட சண்டை போட்டு லாட்டர் ஆத்தை மேல அணை கட்டித் தடுத்து ஊருக்குத் தண்ணி இல்லாமப் பண்ணினார், அப்புறம் அணையை உடைச்சு ஊரையே வெள்ளத்துல விட்டார். ஐநூறு வருஷம் கழிச்சும் பிள்ளைங்களை அவர் பேரைச் சொல்லித்தான் மிரட்டறாங்க.

கல்லு மேல சங்கிலி சத்தம் கேட்டதுமே பையன் என் கோட்டுக்குள்ள புகுந்துட்டான். ஹான்ஸ் டிராப் வரிசையா ஒவ்வொரு பிள்ளை முன்னாலயும் நின்னு உறுமிட்டு வர்றார். எங்க முன்னால வந்து நின்னார். பையன் கோட்டுலேர்ந்து கையை மட்டும் வெளிய விட்டான், கைல கடிச்சு மிச்சம் வெச்ச மானெலே, அந்தப் பொம்மை வடிவ பன்னு, அதை நீட்டினான். சங்கிலி நின்னுடுச்சு. அந்தப் பெரிய ஆளு முட்டி போட்டு உக்காந்து, தாடியைக் கொஞ்சம் நகத்திட்டு, பன்னோட காலை மட்டும் பிச்சு வாயில போட்டுக்கிட்டார், மிச்சத்தை அவன் கையிலயே வெச்சு விரலை மூடிவிட்டார். அப்புறம் எழுந்து அடுத்த பிள்ளைகிட்டப் போய் முன்னைவிடப் பயங்கரமா உறுமினார். பையன் இப்ப காலேஜ் போறான், அவனுக்கு இது சுத்தமா ஞாபகம் இல்லன்னு சொல்றான். எனக்குத்தான் இருக்கு.

பாசல்_சிவா:

எல்லாருக்கும் வணக்கம், நான் பாசல் பக்கம் இருக்கிறன். எங்கட எல்லை ஊர் உனாங். எட்டாம் நம்பர் டிராம்ல வைல் அம் ரைன் போய் இறங்கி, அந்த நடைபாலத்தால ரைனைக் கடந்தா பிரான்ஸ். 2007-இல கட்டினது, காரே போகேலாது, சைக்கிளும் சனமும்தான். ஞாயிறு காலமை இஞ்சையும் ஜெர்மனியிலயும் கடையள் பூட்டு, அங்கால பேக்கரி திறந்திருக்கும், அதால மகளையும் கூட்டிக்கொண்டு பாண் வாங்கப் போறது எங்களுக்கு ஒரு பழக்கமாப் போச்சு.

ஒரு தை மாசம், நல்ல பனி. நாங்கள் போய்க்கொண்டிருக்கிறம், ஒரு வயசான ஐயா எதிர்ப்பக்கத்தால வாறார், கக்கத்துக்கை ரெண்டு பகெத். பாலம் நடுவில வடிவா வளைஞ்சு உயர்ந்து நிக்கும், அந்த இடத்திலதான் சந்திச்சம். மகள் பாணைப் பார்த்த பார்வையைக் கண்டிட்டார் போல. ஒண்டும் கதைக்கேல்லை, பகெத்தின்ர நுனியைப் பட்டெண்டு முறிச்சார். அந்தச் சத்தமும் முறிச்ச இடத்தால ஆவி வந்ததும்! மகளிட்டை நீட்டினார். நான் பிரெஞ்சில நன்றி சொன்னன், அவர் ஜெர்மனில பரவாயில்லை எண்டார், நடந்து போயிட்டார். அதுக்குப் பிறகு எத்தினையோ ஞாயிறு அந்தப் பாலத்தால போயிட்டம், அவரைக் காணேல்லை. மகள் இப்பவும் பாண் வாங்கினா நுனியை முறிச்சு, எதிர்ல ஆர் வருகினம் எண்டு பார்ப்பாள்.

பெரியவர் ஐயா, உங்கட அறிவுரைக்கு ஒண்டு சேர்க்கிறன், கோவிக்காதேங்கோ. சுவிசுக்குத் திரும்பிற ஆக்களுக்கு 2025 தை முதலாம் திகதியிலயிருந்து ஒராளுக்கு ஒரு நாளைக்கு 150 பிராங்குக்கு மேல சாமான் எண்டால் வரி. இறைச்சி ஒரு கிலோ மட்டும். அதுக்கு மேல கொண்டு வந்தா ஒவ்வொரு கிலோவுக்கும் 17 பிராங் கட்டவேணும். ஆட்டிறைச்சி மலிவெண்டு கறிக்கு அஞ்சு கிலோ கட்டிக்கொண்டு வாற ஆக்கள் கவனமா இருங்கோ.

கார்ல்ஸ்ரூ_தம்பி:

பெரியவர் சார், பீட்சான்னு சொன்னது தெரியாதவங்களுக்குப் புரியட்டும்னுதான். அடுப்பு சூடு விஷயம் எனக்கும் அந்தக் கடைக்கார அம்மா சொல்லியிருக்காங்க. மண் எடுத்துக் கையில வெச்சாரே அந்த விவசாயி, நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னு எழுதவே இல்லையே? அதை எழுதுங்க, ரயில் டைமை நாங்க பாத்துக்கறோம்.

அந்தாய்_கடல்:

நாங்க இன்னொரு மூலை, ஸ்பெயின் எல்லை, அந்தாய். பிதசோவா ஆத்து முகத்துவாரத்துல சின்னப் படகு ஏறினா பத்து நிமிஷத்துக்குள்ள அந்தக் கரையில ஸ்பெயினோட ஓந்தாரிபியா. ஆத்து நடுவுல ஃபெசன்ட் தீவுன்னு ஒரு துண்டு நிலம், பிப்ரவரியிலேர்ந்து ஜூலை வரை ஸ்பெயினுக்கு, ஆகஸ்ட்லேர்ந்து ஜனவரி வரை பிரான்ஸுக்கு. 1659-ல ரெண்டு ராஜ்ஜியமும் அங்கதான் சமாதானக் கையெழுத்து போட்டாங்க. ஆளு யாரும் குடியிருக்கல.

நான் சொல்ல வந்தது தீவு இல்ல, படகு. வெயில் காலம், சாயந்தரம், பாதி வழியில படகுக்காரர் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டார். என்னாச்சுன்னு எட்டிப் பாத்தா குறுக்கால ஓந்தாரிபியா பசங்களோட துடுப்புப் படகு, பச்சைச் சட்டை, பதிமூணு பேர் துடுப்புப் போட ஒருத்தர் பின்னால நின்னு கத்தறார். பதிமூணு துடுப்பும் ஒரே நேரத்துல தண்ணில விழற சத்தம், நெஞ்சுல அடிக்கற மாதிரி கேட்டுச்சு. எங்க படகுல இருந்தவங்க பாதிப் பேர் பிரான்ஸ் பக்கத்துக்காரங்க, காய்கறிப் பையோட உக்காந்திருந்த ஒரு அம்மா உள்பட மொத்தமா எழுந்து பாஸ்க் மொழில கத்த ஆரம்பிச்சிட்டாங்க, படகு ஒரு பக்கமா சாயுது, படகுக்காரரும் உக்காருங்கன்னு சொல்லாம சேந்து கத்தறார். எனக்கு ஒரு வார்த்தை புரியல, நானும் எழுந்து கத்தினேன். அந்த அம்மா பையிலேர்ந்து ஒரு தக்காளி உருண்டு தண்ணில விழுந்துச்சு, அவங்க திரும்பிக்கூடப் பாக்கல.

போறவங்க அந்தப் படகுல வெளியில உக்காருங்க, உள்ள உக்காந்தா ஒண்ணும் தெரியாது.