பூச்சுக்கு அடியில் என் கட்டைவிரல்

செம்புக்கம்பி:

செம்புத் தகட்டில் இலை வடிவப் பதக்கம் ஒன்று செய்தேன். நான்கு நாள் வேலை. அரத்தால் விளிம்பைச் சீவி, உப்புத்தாளில் 220, 400, 600, 1000 என்று (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) படிப்படியாக ஏறினேன். தாள் மாற்றும்போதெல்லாம் தேய்க்கும் திசையையும் மாற்றினேன். முந்தைய தாளின் கீறல் போய்விட்டதா என்பது அப்போதுதான் தெரியும். கடைசியில் சிவப்பு ரூஜ் என்கிற மெருகுப் பசை பூசி பாலிஷ் சக்கரத்தில் பிடித்தேன். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு மெருகு. கறுத்துவிடக் கூடாதே என்று அன்றைக்கே லேக்கரும், அதாவது காற்றுப் படாமல் மூடும் கண்ணாடி போன்ற பூச்சும், அடித்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து இலையின் நடுவில் பழுப்பாக ஒரு கறை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளைவு வளைவாக ரேகைகள். என் கட்டைவிரல்! துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், எங்கே போகும்? கறை பூச்சுக்கு அடியில் அல்லவா இருக்கிறது. வியர்வையின் உப்பும் அமிலமும் செம்போடு வேலை செய்துகொண்டிருக்க, நான் மேலே மூடி போட்டு அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். அசிட்டோனில் ஊறவைத்து லேக்கரை உரித்து, முகப்பை மட்டும் மறுபடி 600-லிருந்து ஆரம்பித்தேன்.

இப்போதெல்லாம் சக்கரத்திலிருந்து எடுத்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து ரூஜின் பிசுக்கை எடுத்துவிடுகிறேன். அப்புறம் மேலே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. திட்டுத்திட்டாக விலகி முத்து கட்டினால் எண்ணெய்ப் பசை இன்னும் போகவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு கையுறை, அசிட்டோன் துடைப்பு, கடைசியாகத்தான் லேக்கர். உங்களுக்கும் இப்படிக் காலை வாரிவிட்ட பூச்சு உண்டா? சொல்லுங்கள்.

தகட்டுவேலை:

விரல் ரேகையாவது மூன்று வாரம் பொறுத்திருக்கிறது. எனக்கு மூன்றே நிமிடம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, நான் உள்ளே பித்தளைத் தட்டு ஒன்றுக்கு லேக்கர் அடித்தேன். கண் முன்னாலேயே பால் ஊற்றியதுபோல் வெள்ளை பூத்தது. பழைய லேக்கரோ, பித்தளை கெட்டுவிட்டதோ என்று என்னென்னவோ யோசித்தேன். விஷயம் சின்னதுதான். லேக்கரில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது அந்தக் குளிர்ச்சியில் வந்து படிகிறது. மறுநாள் வெயில் வந்ததும் லேக்கரைக் கரைக்கும் தின்னரை லேசாகத் தூவிப் பார்த்தேன், பாதி தெளிந்தது. மீதிக்கு உரித்து அடித்ததுதான். மழை நாளில் இப்போது கை வைப்பதே இல்லை.

பித்தளைக்காரர்களுக்கு இன்னொன்று. அமிலத் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்து தூங்கிவிடாதீர்கள். பித்தளையில் இருக்கிற துத்தநாகம் கரைந்து போய், மேலே செம்பு மட்டும் மிஞ்சி, காலையில் ரோஜா நிறத்தில் சிரிக்கும்.

வெள்ளிச்சுருள்:

என் கதையில் தப்பு செய்தது நான் இல்லை, ஆனால் சொல்லாமல் விட்டது நான்தான். ஸ்டெர்லிங் வெள்ளியில், அதாவது 92.5 சதவீத வெள்ளியில், கொடி வேலைப்பாடு வைத்து ஒரு பதக்கம் செய்தேன். பள்ளங்களில் கருமை ஏற்றி, மேடுகளை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கியிருந்தேன். அந்தக் கருமை இருந்தால்தான் கொடியே கண்ணுக்குத் தெரியும். வாங்கிய அக்கா சில மாதம் கழித்து, "லேசா மங்கின மாதிரி இருந்தது, நானே சுத்தம் செய்தேன், இப்போ பாருங்கள்" என்று சந்தோஷமாகப் படம் அனுப்பினார். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. கிண்ணத்தில் அலுமினியத் தாள் விரித்து, சமையல் சோடா போட்டு, சுடுதண்ணீர் ஊற்றிப் பதக்கத்தை அதில் இறக்கியிருக்கிறார். அழுகின முட்டை நாற்றம் வந்ததாம், அழுக்கு போகிறது என்று நினைத்தாராம். போனது அழுக்கு மட்டுமா? முழுப் பதக்கமும் மொட்டையாக, வெள்ளை வெளேரென்று நின்றது.

அவரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளி தானாகக் கறுத்தாலும் வெள்ளி சல்ஃபைடு, நாம் வேண்டுமென்று கறுக்க வைத்தாலும் வெள்ளி சல்ஃபைடு. எந்தக் கறுப்பு வேண்டும், எது வேண்டாம் என்று அந்தக் கிண்ணத்துக்குத் தெரியாது.

திரும்ப வாங்கிக் கருமை ஏற்றிக் கொடுத்தேன். லிவர் ஆஃப் சல்ஃபர் என்கிற, வெள்ளியைக் கறுக்க வைக்கும் கந்தகச் சேர்மக் கட்டியில் பட்டாணி அளவு, வெதுவெதுப்பான தண்ணீரில். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், நாற்றமும் கூடும், கரைசலும் சீக்கிரம் செத்துவிடும். முக்கி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, பார்த்து, மறுபடி முக்க வேண்டும். முதலில் பொன் நிறம், அப்புறம் செம்பு கலந்த ஊதா, நீலம், கடைசியில்தான் கறுப்பு. அந்த நீலத்தில் நிறுத்திவிடலாமா என்று ஒவ்வொரு முறையும் சபலம் வரும்; நிறுத்தினாலும் அந்த நிறம் நிலைக்காது. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு. கட்டியை வெளிச்சமும் காற்றும் படாத டப்பாவில் வையுங்கள். அமிலத்தை அதன் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது விஷவாயு.

கருமை ஏற்றிய வெள்ளிக்கு லேக்கர் எனக்குப் பிடிப்பதில்லை. ஈரம் சொட்டுகிற மாதிரி ஒரு போலிப் பளபளப்பு வந்துவிடும். நான் போடுவது மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு. அதில் ரினைசன்ஸ் வாக்ஸ் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950-களின் கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அரும்பொருள்களைக் காப்பதற்காக உருவாக்கியது. துணியில் தொட்டதும் தொடாததுமாக எடுத்து, பூசி, காயவிட்டுத் தேய்த்தால் போதும். தோட்டில், பதக்கத்தில் நன்றாக நிற்கும். வளையலில் சில வாரம். மோதிரத்தில் எதைப் போட்டாலும் நிற்காது, வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிடுவதே மரியாதை.

இப்போது ஒவ்வொரு நகையோடும் ஒரு துண்டுச் சீட்டு: உலர்ந்த துணி மட்டும், கிண்ணம் கூடாது.

புதுக்கை:

நான் இன்னும் கற்றுக்கொள்கிறவள், சின்னக் கதைதான். வெள்ளிக் கம்பிகளைக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். எடுத்தபோது ரப்பர் இருந்த இடத்திலெல்லாம் பட்டையாகக் கறுப்பு. ரப்பரில் கந்தகம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை! இன்னொரு சந்தேகம், தகட்டுவேலை அண்ணா: செம்பு மோதிரம் விரலைப் பச்சையாக்குகிறது, உள்பக்கம் நகப்பூச்சு அடிக்கலாமா?

தகட்டுவேலை:

அடிக்கலாம்மா, கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும். உரிந்த ஓரத்தில் வியர்வை புகுந்து அந்த இடத்தில் இன்னும் மோசமாகக் களிம்பு பிடிக்கும். முடிந்தால் உள்ளே மெல்லிய வெள்ளிப் பட்டை ஒன்று வைத்துப் பற்றவைத்துவிடு.

கரியடுப்பு:

நகை இல்லை, இரும்பு. சுருள் வேலைப்பாடு உள்ள கொக்கிகளைச் சூடாக்கிக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுவது என் வழக்கம். கரும்பட்டு மாதிரி ஒரு நிறம் வரும், உள்ளே மாட்டுகிற சாமானுக்கு அது போதும். ஒரு நாள் எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது தீய்ந்த வாடை. துணி உருண்டையைத் தொட்டால் கை சுடுகிறது, பிரித்தால் நடுவில் புகை. பக்கத்தில் நெருப்பே இல்லை. அந்த எண்ணெய் காய்வதென்பது காற்றோடு சேர்ந்து கெட்டியாவதுதான், அதில் சூடு பிறக்கிறது; சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை. இப்போது துணிகளைத் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் அமுக்கி மூடிவிடுகிறேன். அடுத்த வீட்டுக்காரர் இதைப் படிக்காமல் இருக்கக் கடவுள் காக்க.

செம்புக்கம்பி:

மெழுகு என்றதும் கையில் தேன்மெழுகு இருக்கிறதே என்று பார்த்தேன். நல்ல வேளை, பழைய செம்புப் பூ ஒன்றில் முன்பு அதைப் பூசியது ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் மடிப்புகளில் எல்லாம் பச்சையாகப் பிசின் மாதிரி திரண்டிருக்கிறது. தேன்மெழுகில் இருக்கிற கொழுப்பு அமிலம் செம்பைப் பிடித்திருக்கிறது. ஆகவே வெள்ளிச்சுருள் அக்கா சொன்ன மெழுகைத்தான் வாங்கப் போகிறேன்.

இதை எழுதும்போது அந்த இலைப் பதக்கமும் மேசையில்தான் இருக்கிறது. முகப்பு சுத்தம், ஒரு குறையும் இல்லை. சும்மா திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஆள்காட்டி விரல்.

உரிக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டதாக வைத்துக்கொள்கிறேன்.