12 வோல்ட் பல்பு: ஆன் செய்ததும் சப்ளை கட் ஆகிறது

மூன்று நாளாக இதே இடத்தில் நிற்கிறேன். 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு. சப்ளை 12 வோல்ட் டிசி, அதிகபட்சம் 4 ஆம்பியர். கணக்குப்படி 21 ÷ 12 = 1.75 ஆம்பியர்தான். ஆனாலும் ஸ்விட்சைப் போட்டவுடன் சப்ளை தன்னை அணைத்துக்கொள்கிறது.

செய்து பார்த்தவை: வயர், ஹோல்டர் மாற்றினேன். வேறு பல்பிலும் அதே கதை. மல்டிமீட்டரில் குளிர்ந்த பல்பு 0.6 ஓம் காட்டுகிறது (புரோப் வயரின் மின்தடையைக் கழித்துவிட்டேன்). ஆனால் 12 ÷ 1.75 போட்டால் 6.86 ஓம் வருகிறது. இழை சூடானால் மின்தடை ஏறும் என்பது தெரியும். பத்து மடங்குக்கு மேல் ஏறும் என்று நினைக்கவில்லை. அப்படியானால் முதல் கணத்தில் 12 ÷ 0.6, அதாவது 20 ஆம்பியர் கேட்கிறது!

தொடரில் 3.3 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டேன். பல்பு எரிந்தது, ஆனால் மங்கல். பல்பில் 7.5 வோல்ட், மின்னோட்டம் 1.35 ஆம்பியர், சுமார் 10 வாட்தான். ரெசிஸ்டரில் மட்டும் 6 வாட் போகிறது, தொட முடியாத சூடு. உடனே கழற்றிவிட்டேன்.

சப்ளையை மாற்ற வழியில்லை. தொடக்க மின்னோட்டம் 4 ஆம்பியரைத் தாண்டாமல், பிறகு பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில் எரிய, குளிர்ந்த நிலையில் எத்தனை ஓம் உள்ள என்டிசி தெர்மிஸ்டர் (சூடானால் மின்தடை குறையும் ரெசிஸ்டர்) போட வேண்டும்?