ஸ்பிளிட்டிலிருந்து ஒரு நாள் தீவுப் பயணம்: எழுபத்தைந்து வயது அம்மாவை எந்தப் படகில் ஏற்றலாம்?

பள்ளத்தூர் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் இரண்டாவது வாரம் நானும் மனைவியும் அம்மாவும் குரோஷியா போகிறோம். வியன்னாவில் வேலை பார்க்கும் மகள் அங்கே வந்து சேர்ந்துகொள்வாள். ஸ்பிளிட்டில் மூன்று ராத்திரி, அப்புறம் பஸ்ஸில் துப்ரோவ்னிக் போய் இரண்டு ராத்திரி. ஸ்பிளிட்டில் ஒரு முழு நாளைத் தீவுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் கேள்வி.

இந்தப் பயணமே அம்மாவுக்காகத்தான். தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் கணக்கு எழுதியவர். 1964-ல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரங்கூனில் கப்பலேறியபோது அம்மாவுக்கு வயது 14. பாட்டி கீழே தலைசுற்றிப் படுத்துவிட, அம்மா மட்டும் மேல்தளத்தில் ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார்களாம். அதற்குப் பிறகு எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. தொண்டியிலும் ராமேஸ்வரத்திலும் கரையில் நின்று பார்த்ததோடு சரி. போன தை மாதம் மகள் அட்ரியாட்டிக் கடல் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அம்மா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல கப்பல் போகுமா?" என்று கேட்டார்கள். அன்றைக்கே டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

காரைக்குடியில் எங்களுக்கு டிக்கெட் போடுகிறவர் 'ஒரே நாளில் ஐந்து தீவு, நீலக் குகை' என்று ஒரு ஸ்பீட்போட் பயணத்தைச் சொல்கிறார். அம்மாவுக்கு ஒரு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நிதானமாக நடப்பார்கள், படி என்றால் கஷ்டம். நாங்கள் சுத்த சைவம். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, போன வருடம் நான் மகளோடு அந்த ஐந்து தீவுப் பயணம்தான் போனேன். நீலக் குகை பீசெவோ என்ற சின்னத் தீவில் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு திறப்பு வழியாக வெயில் உள்ளே புகுந்து, அடியில் இருக்கிற வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்புவதால் குகை முழுக்க நீலமாகிவிடுகிறது. தண்ணீரில் கையை விட்டால் கை வெள்ளி மாதிரி தெரிந்தது. பகல் 11 மணியிலிருந்து 12 மணி வரைதான் அந்த வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால் எல்லாப் படகும் அந்த நேரத்துக்கே வந்து சேருகின்றன. நாங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது சில நிமிடம்தான். ஆனாலும் நான் வருத்தப்படவில்லை, இன்னொரு தடவை வாய்த்தாலும் போவேன்.

ஆனால் உங்கள் அம்மாவை நினைத்தால் யோசனையாக இருக்கிறது. குகைக்குள் போக வேறொரு சின்னப் படகுக்கு மாற வேண்டும், வாசலில் எல்லோரும் தலையை நன்றாகக் குனிய வேண்டும். அந்த வாசலே 1884-ல் உடைத்துப் பெரிதாக்கியதுதானாம். ஸ்பீட்போட் திறந்த கடலில் அலைக்கு அலை எம்பி விழுகிறது. எனக்கு 56 வயது, இரண்டு நாள் இடுப்பு வலித்தது. முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள் வர வேண்டாம் என்று படகுக்காரர்களே சொல்கிறார்கள். நீங்களும் மகளும் மட்டும் போவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வேன்.

கானாடுகாத்தான் அடுப்படி:

அண்ணே, நான் கானாடுகாத்தான். மூன்று வருடமாக ஸ்பிளிட்டில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு, அதில் பாதி நாள் எனக்கு பிராச் தீவுக்குப் போகிற ஃபெர்ரியில்தான் கழியும். அம்மா கேட்டதை இரண்டு தடவை படித்தேன். "கப்பல் போகுமா" என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எத்தனை தீவு என்று அவர்கள் கேட்கவே இல்லை. அதனால் ஸ்பீட்போட்டை விட்டுவிடுங்கள். ஸ்பிளிட்டிலிருந்து பிராச் தீவின் துறைமுக ஊரான சுபெதர் போகிற கார் ஃபெர்ரியில் ஏற்றுங்கள்.

இங்கே இரண்டு வகைக் கப்பல் உண்டு. ஒன்று கட்டமரான். பெயர் நம் கட்டுமரம்தான், ஆனால் உள்ளே ஏ.சி. பஸ் மாதிரி இருக்கும். ஹ்வார் நகரத்துக்கு ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். பெரும்பாலும் வெளியே வந்து நிற்க முடியாது, கண்ணாடியில் உப்புத் தண்ணீர் அடித்துக் காய்ந்திருக்கும். இன்னொன்று லாரி, கார் எல்லாம் ஏற்றுகிற பெரிய ஃபெர்ரி. யாத்ரோலினியா என்ற அரசாங்கக் கம்பெனி ஓட்டுகிறது. சுபெதருக்கு 50 நிமிடம். வண்டிகள் கீழே, ஜனங்கள் மேலே. திறந்த மேல்தளத்தில் பெஞ்சு போட்டிருக்கும். கோடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் போய் வருகிறது, அதனால் ஒன்றை விட்டாலும் பதற வேண்டியதில்லை. நடந்து ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் பத்து யூரோவுக்குள்தான். 2023 ஜனவரியிலிருந்து இங்கே யூரோ ஆகிவிட்டது, பழைய குனா நோட்டு யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஒரு கஷ்டம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வண்டித் தளத்திலிருந்து மேலே போகப் படி இருக்கிறது. சில கப்பலில் லிஃப்ட் உண்டு, சிலதில் இல்லை. அரை மணி முன்னாலேயே போய் நின்றுவிடுங்கள். கூட்டம் ஏறுவதற்கு முன் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறட்டும். முழங்காலைக் காட்டிச் சொன்னால் கப்பல்காரர்கள் வழிவிடுவார்கள், நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேலே போனதும் பின்பக்கத்துப் பெஞ்சைப் பிடியுங்கள். கப்பல் துறையை விட்டு வெளியே வந்தவுடன் ஊர் முழுவதும் எதிரே விரியும். நடுவில் ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனையின் மதில், அதற்கு மேல் மணிக்கோபுரம், இடது கைப்பக்கம் மர்யான் குன்று, வலப்பக்கம் பின்னால் மோசோர் மலை. அந்த அரண்மனை கி.பி. 305 வாக்கில் முடிந்தது. அதற்கு வேண்டிய வெள்ளைக் கல் பிராச் தீவிலிருந்து இந்தக் கடலைத் தாண்டி வந்தது. நம் வீட்டுத் தூணுக்கு பர்மா தேக்கு வந்ததை அம்மா அறிவார்கள். கல் வந்த வழியில்தான் நாம் இப்போது எதிர்த்திசையில் போகிறோம் என்று சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்:

நான் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். அட்ரியாட்டிக்கில் ரியேகா, கோபெர் துறைமுகங்களுக்குப் பல தடவை போயிருக்கிறேன். காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோடையில் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் மத்தியானத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து 'மாயெஸ்த்ரால்' அடிக்கும். அது நல்ல காற்று, பயம் வேண்டாம். தென்கிழக்கிலிருந்து வருவது 'யூகோ'. மேகமும் புழுக்கமுமாக இரண்டு மூன்று நாள் வளர்ந்து பெரிய அலையை எழுப்பும். 'பூரா' வடகிழக்கு மலையிலிருந்து திடீர் திடீரென்று இறங்குகிற குளிர்காற்று. இந்த இரண்டும் பலமாக அடித்தால் முதலில் நிற்பது கட்டமரான்தான், பெரிய ஃபெர்ரி அவ்வளவு சீக்கிரம் நிற்காது. அதனால் மூன்று நாளில் எந்த நாள் தீவு என்று இங்கேயே முடிவு செய்யாதீர்கள். ஸ்பிளிட்டில் இறங்கி, அந்த நாட்டு வானிலைத் துறையின் கடல் அறிவிப்பைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மேல்தளத்துப் பின்பெஞ்சு அமைதியான நாளில் சரி. ஆட்டம் இருந்தால் கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதானால் அம்மாவின் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுவதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. எங்கள் தொண்டிக் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்றால் பாதம் தெரியாது, அடியெல்லாம் சேறு. அங்கே ஐந்து ஆள் ஆழத்தில் கிடக்கிற கல் தெரியும். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை, வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற பெரிய ஆறு அந்தப் பக்கத்தில் இல்லை. கரை மணல் இல்லை, கூழாங்கல். கால் நனைக்க ஆசைப்பட்டால் ரப்பர் செருப்பு கட்டாயம், கல்லிடுக்கில் கடல்முள்ளெலி இருக்கும்.

பள்ளத்தூர் வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி, நீங்கள் ஒளிக்காமல் சொன்னது பெரிய உதவி. ஸ்பீட்போட் வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

தம்பி கானாடுகாத்தான், சுபெதரில் இறங்கிய பிறகு என்ன செய்வது? மகள் ஸ்லாட்னி ராட் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்கிறாள், நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கிற அந்த வெள்ளைக் கரை. அப்புறம் சாப்பாடு. சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கொண்டுபோகலாமா?

கானாடுகாத்தான் அடுப்படி:

அண்ணே, அந்தக் கரை தீவின் தெற்கே, 'போல்' என்கிற ஊரில் இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டிருக்கும், காற்றும் நீரோட்டமும் மாறினால் அதன் முனை ஒரு பக்கமாக வளைந்துவிடும். அழகில் குறைவில்லை. ஆனால் சுபெதரிலிருந்து மலை ஏறி இறங்கி பஸ்ஸில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பைன் மரநிழலில் இரண்டு கிலோமீட்டர் நடை. கோடையில் சின்னப் படகும் ஓடும். ஸ்பிளிட்டிலிருந்து அந்த ஊருக்கு நேரே கட்டமரானும் உண்டு. அது தீவுக்காரர்கள் காலையில் டவுனுக்கு வந்து சாயந்திரம் வீடு திரும்புவதற்காக ஓடுகிற கப்பல். நமக்கு நேர்மாறான நேரம். பல தீவுகளுக்கு இப்படித்தான், அட்டவணையில் போகிற நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிற நேரத்தைப் பார்க்காமல் விட்டால் ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதுதான். முதல் வருடம் நான் அந்த ஊரில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு நாள் சம்பளத்தை டாக்ஸிக்குக் கொடுத்து சுபெதர் வந்து சேர்ந்தேன்.

அதனால் மகளும் அண்ணியும் வேண்டுமானால் போய் வரட்டும். நீங்கள் அம்மாவோடு சுபெதரிலேயே இருங்கள். துறையை ஒட்டியே மரநிழல், காபிக்கடை எல்லாம் சமதரையில் இருக்கிறது. கடலோரமாக மெதுவாக நடந்தால் ஒரு முனையில் சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஊர்க் கல்லறைத் தோட்டம் வரும். கல்லறையா என்று அம்மா தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தத் தீவில் திராட்சைக் கொடியெல்லாம் பூச்சி விழுந்து அழிந்து, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக சிலி நாட்டுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள். பெத்ரினோவிச் என்ற குடும்பம் அங்கே பெரும் பணம் சம்பாதித்தது. அவர்களுக்காக தோமா ரோசாந்திச் என்ற சிற்பி செய்த வெள்ளைக் கல் மண்டபம் அந்தத் தோட்டத்தில் இருக்கிறது. குவிமாடமும் செதுக்கலுமாக, கண்ணை எடுக்க முடியாது. கடல் கடந்து சம்பாதித்த பணம் ஊருக்குத் திரும்பி வந்து கல்லாகவும் மரமாகவும் நிற்பதைப் பார்த்துத்தானே நாமும் வளர்ந்தோம். உள் ஊர்களில் சாத்தியே கிடக்கிற கல் வீடுகளைப் பார்த்தால் எங்கள் தெருவில் நடக்கிற மாதிரியே இருக்கும். பர்மாவிலிருந்து வந்த அம்மாவுக்கு இதை நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

சாப்பாட்டுக்கு 'பிலித்வா' என்று கேளுங்கள். ஒரு வகைக் கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் போட்டது. மீனுக்குத் துணையாக வைப்பார்கள், தனியாகவும் தருவார்கள். நம் நாக்குக்கு உப்பும் காரமும் குறைவு, ஒரு சின்ன டப்பாவில் இட்லிப்பொடி வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். வெளியிலிருந்து மாமிசமும் பால் பொருளும் ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, அதனால் நெய் பாட்டிலைத் தொடவே வேண்டாம். எண்ணெயில் பொரித்த சீப்புச் சீடை போதும். நெய் விட்ட மாவுருண்டையை ஊரிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், சோதனையில் யாரோடும் வாதாட வேண்டியிருக்காது.

துப்ரோவ்னிக் பஸ்ஸில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வழி நடுவில் கொஞ்ச தூரம் போஸ்னியாவுக்குள் போய்த் திரும்பும், அது ஷெங்கன் (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போகிற ஏற்பாடு) இல்லை. உங்கள் விசா ஒருமுறை நுழைவு என்றால் சிக்கல். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பள்ளத்தூர் வாசி:

தம்பி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். தாத்தாவின் அண்ணன் ரங்கூனிலேயே இறந்தவர், அவரைப் பற்றி நான் இதுவரை கேட்காத இரண்டு விஷயங்களையும் சொன்னார்கள்.

சரி, இப்படி வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணி வாக்கில் ஃபெர்ரி. மகளும் மனைவியும் சுபெதரிலிருந்து அந்தக் கடற்கரைக்குப் போய்விட்டு நாலரைக்குள் திரும்பிவிடுவார்கள். திரும்பும்போது ஆறரை வாக்கில் கிளம்பும் கப்பல், செப்டம்பர் நடுவில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. அப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்தால் சூரியன் இறங்குவது தெரியும்?

தொண்டிக்காரன்:

திரும்பும்போது கப்பல் வடக்கே போகும். இடப்பக்கம் உட்காருங்கள் அண்ணே. அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், சூரியன் இறங்கினதும் மேல்தளத்தில் காற்று சில்லென்று இருக்கும்.