தீபாவளி பேனர்: ஜிஃப் 9 எம்பி, தமிழ் எழுத்தும் உடைகிறது

காலிவீதி_டிசைனர்:
வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு இணையத்தளம் செய்கிறேன். முகப்பில் குத்துவிளக்கு எரிய வேண்டும், பின்னால் பட்டு அசைய வேண்டும், கடைப் பெயர் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழ வேண்டும், எல்லாம் முதலாளியின் ஆசை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்து ஜிஃபாக, அதாவது அசையும் படக் கோப்பாக எடுத்தால் 9 எம்பி. பஸ்ஸில் வரும்போது போனில் திறந்தேன், பம்பலப்பிட்டி தாண்டியும் பாதிதான் வந்திருந்தது. போதாததற்குப் பட்டு நிறம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. சரி, எழுத்தையாவது ஜாவாஸ்கிரிப்டில் தனியாகச் செய்வோம் என்று பெயரைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பானுக்குள் (பக்கத்தில் எழுத்தைத் தனியாகச் சுற்றி வைக்கும் டேக்) போட்டால், கொம்பும் காலும் கழன்று புள்ளி வட்டத்தோடு நிற்கின்றன. ஆங்கிலப் பெயருக்கு இதே கோட் ஒழுங்காக ஓடுகிறது!

பழைய_ஃபிளாஷ்காரன்:
ஜிஃபை விடுங்கள் தம்பி. 1987இல் வந்த சாமான், ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான், பட்டின் பளபளப்பு அதில் எங்கே நிற்கும்? பட்டு அசைவதை மட்டும் எம்பி4 வீடியோவாக்கிப் பின்னால் போடுங்கள். வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் போதும், வீடியோவின் அகலமும் உயரமும் இரட்டை எண்ணாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும். ஐபோனில் தானாக ஓட வீடியோ டேக்கில் ம்யூட்டட் (சத்தமில்லாமல்), பிளேஸ்இன்லைன் (பக்கத்துக்குள்ளேயே ஓட) இரண்டும் வேண்டும். அப்படியும் பேட்டரி சேமிப்பில் இருந்தால் ஓடாது, அதனால் வீடியோ ஓடாதபோது தெரிய அசையாத போஸ்டர் படம் ஒன்று வையுங்கள். விளக்குக்கு வீடியோ எதற்கு? இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எஸ்விஜியாக, அதாவது கோடுகளாலான படமாகப் போட்டு, சுடரை மட்டும் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஆட விடுங்கள். பிரவுசரில் அனிமேஷன் ஓட்டிய ஃபிளாஷ் காலத்தில் இதை ஒரு மணித்தியாலத்தில் முடித்திருப்பேன், 2020 டிசம்பரோடு அதையும் மூடிவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனை_கோடர்:
எழுத்து விசயத்துக்கு வருகிறேன். 'கொ' நமக்கு ஒரு எழுத்து, கணினி எழுத்துக்களைச் சேமிக்கும் யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு. நீங்கள் ஸ்பிளிட் என்ற பிரிக்கும் கட்டளை போட்டுக் குறியைத் தனியே பிய்த்துவிட்டீர்கள், ஒட்டிக்கொள்ள மெய் இல்லாததால் பிரவுசர் புள்ளி வட்டம் காட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டரில் கிராஃபீம் (கண்ணுக்குத் தெரிகிற முழு எழுத்து) என்று கொடுத்துப் பிரியுங்கள், புதிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் பெயரில் 'ஸ்ரீ' இருந்தால் கவனம், அதையும் ஸ், ரீ என்று இரண்டாக வெட்டிவிடும். கடைப் பெயர் ஒன்றுதானே, கையால் எழுதிக் கொடுப்பதே சுகம். ஸ்பானுக்கு சிஎஸ்எஸ்ஸில் இன்லைன்-பிளாக் போட மறக்க வேண்டாம், வெறும் இன்லைனில் டிரான்ஸ்ஃபோர்ம் (நகர்த்தல், சுழற்றல்) வேலை செய்யாது. எழுத்து விழுவதை இடத்தை மாற்றும் டொப், லெஃப்டால் செய்யாமல் டிரான்ஸ்ஃபோர்மாலும் ஒபாசிட்டியாலும் (மங்கலைக் கூட்டிக் குறைப்பது) செய்தால் மலிவு போனிலும் திக்காது.

தெஹிவளை_அக்கா:
ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அனிமேஷனை அப்படியே தளத்தில் ஓட்டும் லொட்டி கோப்பாகச் செய்யலாமே? ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கோப்பு ஏற்கெனவே இருக்கிறதே.

பழைய_ஃபிளாஷ்காரன்:
செய்யலாம் அக்கா, ஆனால் ஒரு சுடருக்காக அதன் பிளேயரையும் சேர்த்து இறக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஐகன் ஆடுகிற தளம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

தெஹிவளை_அக்கா:
அதுவும் சரிதான். அசைவைக் குறை என்று போனில் வைத்திருப்பவர்களுக்கு சிஎஸ்எஸ்ஸில் அந்த ரெடியூஸ்ட் மோஷன் அமைப்பைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். எனக்கு இப்படி ஆடுகிற பக்கம் பார்த்தால் தலை சுற்றும்.

காலிவீதி_டிசைனர்:
வீடியோ 700 கேபிக்கு வந்துவிட்டது, பட்டும் பட்டாகத் தெரிகிறது. பெயர் 'ஸ்ரீ'யில்தான் தொடங்குகிறது, கையால் பிரித்தேன். முதலாளிக்குக் காட்டினேன், சந்தோசம். பக்கம் திறந்தவுடன் நாதஸ்வரம் கேட்க வேண்டுமாம் இப்போது.

கொட்டாஞ்சேனை_கோடர்:
பயனர் எங்காவது தட்டாமல் பிரவுசர் சத்தம் போட விடாது என்று சொல்லித் தப்பிவிடுங்கள். பொய்யில்லை.