இண்டிகா டீசல்: பெல்ட் மாத்துன பொறவு வெள்ளைப் புகை, ஏத்தத்துல இழுவை இல்ல. பம்ப் டைமிங்கா?

கடனாநதி:

வண்டி 2003 இண்டிகா, 1405 சிசி, டர்போ இல்லாத டீசல். நாசிலுக்கு டீசல் தள்ளுற பம்ப் போஷ் விஇ ரோட்டரி. போன மாசம் டைமிங் பெல்ட், அதை இறுக்கி வைக்குற டென்ஷனர் ரெண்டும் ஒரு பட்டறையில மாத்துனேன். மறுநாள்லேருந்தே தொந்தரவு.

காலையில மூணு நாலு தடவை செல்ஃப் அடிச்சாத்தான் புடிக்கு. புடிச்சதும் வெள்ளைப் புகை, கண்ணு எரியுது. அஞ்சு நிமிசம் ஓடுனா புகை நின்னுடுது. லிட்டருக்கு 19 குடுத்த வண்டி இப்ப 15தான். மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏத்தத்துல மூணாவது கியர் நிக்கவே மாட்டேங்கு, ரெண்டுலயே உருட்ட வேண்டியிருக்கு. டெம்பரேச்சர் முள்ளும் வழக்கத்த விட மேல போகுது. இன்னொண்ணு, இன்ஜின் சத்தம் முன்ன விட மெத்துன்னு இருக்கு. பட்டறைக்காரர் 'மார்க் எல்லாம் சேத்துத்தான் வச்சேன், பம்பை சர்வீசுக்குக் குடுத்துருங்க'ங்காரு. பம்பைக் கழட்டலாமா?

பாளை ரோட்டரி:

கழட்ட வேண்டாம் தம்பி. பம்ப் கடை பெஞ்சுல வச்சுப் பாக்குறது எவ்வளவு டீசல் தள்ளுது, நாலு லைனுக்கும் சமமா தள்ளுதா, உள் பிரஷர் எவ்வளவுன்னு. பம்ப் இன்ஜின்ல எந்தக் கோணத்துல உக்காந்திருக்குங்கிறது அந்த பெஞ்சுக்குத் தெரியாது. காசு குடுத்து வாங்கிட்டு வந்து அதே தப்பான இடத்துலயே திரும்ப மாட்டுவீங்க.

நீங்க சொன்னதுல எனக்கு முக்கியமாப் பட்டது அந்த மெத்துன்னு சத்தம். டைமிங், அதாவது பம்ப் டீசலைத் தள்ளுற நேரம், பின்தங்குனா டீசல் லேட்டா எரியுது, டக் டக்னு கேக்குற அடிச் சத்தம் குறையும். பிஸ்டன் கீழ இறங்கும்போதும் எரிஞ்சுக்கிட்டே இருக்கறதால சூடு சைலன்சர் பக்கமும் ரேடியேட்டருக்கும் போகுது, இழுவைக்கு வராது. முள்ளு ஏறுறது, மைலேஜ் விழுறது எல்லாம் அந்தக் கணக்குதான்.

ஆனா பம்பைத் தொடுறதுக்கு முன்னால மூணு விஷயத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க.

முதல்ல காத்து. பில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி நீளத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியிற டியூபை மாட்டி ஓட விடுங்க. நுரை நுரையா குமிழ் தொடர்ந்து வந்தா காத்து இழுக்குது. ராத்திரி டீசல் டேங்குக்கே இறங்கிரும், காலையில ஸ்டார்ட் ஆகாது. அதுக்கும் டைமிங்குக்கும் சம்பந்தமில்ல.

அடுத்தது ஹீட்டர் பிளக், குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குறது. வயரைக் கழட்டிட்டு ஒவ்வொண்ணா மீட்டர்ல பாருங்க. நல்ல பிளக் ஒரு ஓம் கிட்ட, இல்லன்னா அதுக்கும் கீழ காட்டும். ஒண்ணுமே காட்டலன்னா செத்துப் போச்சு.

மூணாவது ரேடியேட்டர் தண்ணி. புகை கண்ணை எரிச்சா அது எரியாத டீசல். எரிச்சல் இல்லாம இனிப்பு வாடை அடிச்சு, தண்ணியும் குறைஞ்சா அது ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்குற சீல்) போனது, வேற கதை.

ஸ்பேனர்_சேரன்மாதேவி:

இதுக்கு எதுக்கு இவ்வளவு? பம்ப் நட்டை லேசா லூஸ் பண்ணி, ஸ்லோ ஸ்பீடுல ஓட விட்டு, பம்பைத் திருப்புங்க. டக் டக்னு அடி கேக்க ஆரம்பிச்சதும் ஒரு நூல் பின்னுக்கு எடுத்து டைட் பண்ணுங்க. காதே போதும்.

பாளை ரோட்டரி:

அண்ணே, காது ஒரு அளவு வரைக்கும்தான். குளிர்ந்த இன்ஜின் சரியான டைமிங்லயும் அடிக்கும், சூடான இன்ஜின் நாலு டிகிரி கூடுதலா இருந்தாலும் அடக்கமா ஓடும். சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்குற நாசில் ஒண்ணு சொட்டுனாலும் அதே டக் டக்தான்.

கணக்கையும் பாருங்க. பம்ப் தட்டுல போல்ட் இருக்குற வட்டத்தோட ஆரம் 45 மி.மீ.ன்னு வச்சா சுற்றளவு 283 மி.மீ. அதுல 1 மி.மீ. நகத்துனா பம்ப் அச்சுக்கு 1.27 டிகிரி. பம்ப் ஒரு சுத்து சுத்த கிராங் ரெண்டு சுத்து சுத்துது, அப்ப கிராங்குக்கு 2.5 டிகிரி. நீங்க சொல்லுத 'ஒரு நூல்' 3 மி.மீ.க்கும் மேல, அதாவது கிராங்குல எட்டு டிகிரி. டைமிங் ரொம்ப முன்னால போனா ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டன் தலையும்தான் விலை குடுக்கும். அதுவும் ஓடுற பெல்ட்டுக்குப் பக்கத்துல லூசான பம்பைக் கையால புடிக்கச் சொல்லாதீங்க.

கடனாநதி:

பாத்துட்டேன் அண்ணாச்சி. டியூப்ல ஸ்டார்ட் பண்ணுன உடனே ரெண்டு குமிழ், பொறவு சுத்தமா போகுது. தண்ணி குறையல. ஹீட்டர் பிளக் மூணு நல்லாருக்கு, ஒண்ணு ஒண்ணும் காட்டல. ஆனா அது பெல்ட்டுக்கு முன்னாலயே செத்திருக்கும்னு நினைக்கேன், ஏன்னா முன்ன ஒரே அடியில புடிச்சுச்சு. டயல் கேஜ் ஒருத்தர்ட்ட கடன் கேட்டிருக்கேன். முறை சொல்லுங்க.

பாளை ரோட்டரி:

அப்ப டைமிங்தான். அந்தப் பிளக்கை மாத்திருங்க, ஆனா அதனால மட்டும் இழுவை திரும்பாது.

வேண்டியது: 0.01 மி.மீ. காட்டுற டயல் கேஜ், பம்ப் தலையில மாட்டுற அடாப்டர், நீளமான கேஜ் பின், ரெண்டு மூணு புது காப்பர் வாஷர். அடாப்டர் மரை பம்புக்குப் பம்பு மாறும், 8 மி.மீ.யும் உண்டு, 10 மி.மீ.யும் உண்டு. உங்க பம்ப்ல இருக்குற பிளக்கைக் கழட்டி கையோட கொண்டுபோனா பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலயும் அதே மரையில கடைஞ்சு குடுப்பாங்க.

முதல் பிஸ்டன் உச்சியில நிக்கும்போது, பம்புக்குள்ள டீசலைத் தள்ளுற பிளஞ்சர் எத்தன மி.மீ. ஏறியிருக்கணும்ங்கிற அளவை உங்க வண்டி மேனுவல்ல இருந்தே எடுங்க. இன்னொரு இன்ஜினோட அளவை யாராவது 'எல்லா விஇ பம்புக்கும் இதான்'னு சொன்னா கேக்காதீங்க. பம்ப் கம்பெனி ஒண்ணா இருந்தாலும் உள்ள பிளஞ்சரை ஏத்துற கேம் தட்டு வேற.

வண்டி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி வெளிய, பேட்டரி நெகட்டிவ் கழட்டி. இன்ஜின் ஆறியிருக்கணும். ஹீட்டர் பிளக் நாலையும் கழட்டுனா கம்ப்ரெஷன் இல்லாம கையால சுத்த லேசா இருக்கும். அது மட்டும் விதிவிலக்கு: முந்தின நாளே துரு இளக்குற எண்ணெய் விட்டு, இன்ஜின் வெதுவெதுன்னு இருக்கும்போதே கழட்டிடுங்க. குளிர்ல முரட்டுத்தனமா திருகுனா பிளக் உள்ளயே ஒடிஞ்சு ஹெட்டை இறக்க வச்சிரும்.

பெல்ட் கவரை எடுத்து முதல்ல பெல்ட் மார்க்கையே சரி பாருங்க. ஒரு பல் தாண்டியிருந்தா பம்பைத் திருப்பி ஈடு கட்டாதீங்க; கிராங் பல்சக்கரத்துல 20 பல் இருந்தா ஒரு பல்லுங்கிறது கிராங்குல 18 டிகிரி. கேம் பக்கமும் தாண்டியிருந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும். இன்னொரு குழப்பம்: புது பெல்ட் மேல வரைஞ்சிருக்கிற கோடு மாட்டுறப்ப மட்டும்தான் சேரும், ரெண்டு சுத்து சுத்துன பிறகு அது எங்கயோ நிக்கும். பயப்பட வேண்டாம். சேர வேண்டியது புல்லி மார்க்குகள்தான்.

இனி பம்ப். நாலு ஹை பிரஷர் பைப் கிளம்புற தலைக்கு நடு மையத்துல ஒரு சின்ன பிளக் இருக்கும். சுத்தி பிரஷ்ஷால துடைச்சிட்டுத்தான் கழட்டணும். ஒரு மணல் துகள் உள்ள போனாலும் பிளஞ்சர் கீறிரும். கொஞ்சம் டீசல் வடியும், துணி வைங்க. அடாப்டரை மாட்டி, கேஜை முள் 2 மி.மீ. அழுந்துற அளவுக்கு உள்ள தள்ளிப் பூட்டுங்க.

குளிர் ஸ்டார்ட்டுக்கான லீவர் உங்க பம்ப்ல இருந்தா அது தளர்ந்து இருக்கணும். ஆறுன இன்ஜின்ல அது தானாவே இழுத்துக்கிட்டு நிக்கும். அப்படியே அளந்தா கேஜ் கூடுதலா காட்டும், அதை நம்பி நீங்க பம்பை இன்னும் பின்னுக்குத் தள்ளுவீங்க. பட்டறைகள்ல நடக்குற தப்புல பாதி இதுதான்.

கிராங் போல்ட்ல ஸ்பேனர் போட்டு, முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் டிடிசிக்கு, அதாவது காத்தை அமுக்கி பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்துக்குக் கொண்டு வாங்க. ஃபிளைவீல் மார்க்கு சேரணும், முதல் சிலிண்டரோட ரெண்டு கேம் மூக்கும் வால்வை அமுக்காம மேல பாத்து நிக்கணும். அங்கருந்து ஓடுற திசைக்கு எதிரா கால் சுத்துபோல மெதுவா பின்னுக்குச் சுத்துங்க. முள் இறங்கி இறங்கி ஒரு இடத்துல அசையாம நிக்கும். அங்க கேஜை பூஜ்யத்துக்கு வைங்க. இப்ப ஓடுற திசையில மெதுவா டிடிசிக்கு வாங்க. மார்க்குல நிக்கும்போது முள் காட்டுறதுதான் உங்க அளவு. மார்க்கைத் தாண்டிட்டா ஒரு இழை திருப்பி நிறுத்தாதீங்க. பெல்ட் தொய்வு எதிர்ப்பக்கம் போயிரும். மறுபடி கால் சுத்து பின்னுக்குப் போயி முன்னுக்கு வாங்க.

குறைவா இருந்தா பின்தங்கியிருக்கு. பம்ப் பைப் யூனியன் நட்டுகள பம்ப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி, பிறகு பம்ப் போல்ட்டுகள தளர்த்தி, பம்ப் அச்சு சுத்துற திசைக்கு எதிரா பம்ப் உடம்பைத் திருப்புங்க. முள் ஏறும். பம்புக்குப் பின்னால சப்போர்ட் பிராக்கெட் போல்ட் ஒண்ணு இருக்கும், அதை மறந்துட்டு முன்பக்கத்த மட்டும் தளர்த்தி நெம்பாதீங்க. அளவு வந்ததும் டைட் பண்ணி, கிராங்கை ரெண்டு முழுச் சுத்து சுத்தித் திரும்ப அளக்கணும். டைட் பண்றப்பவே ரெண்டு மூணு புள்ளி (0.02, 0.03 மி.மீ.) நகரும், அது வழக்கம்.

கயத்தாறு_கேட்டை:

ஒரு இடைச்செருகல். இதே முறையை ஜென் டீசல், எஸ்டீம் டீசல்ல செய்றவங்க கவனிக்க: அந்த 1527 சிசி பெஜோ இன்ஜின்ல முதல் சிலிண்டர் ஃபிளைவீல் பக்கம், பெல்ட் பக்கம் இல்ல.

கடனாநதி:

இன்னைக்கு செஞ்சேன். பெல்ட் மார்க் சரியா இருக்கு. முதல் அளவு மேனுவல்ல போட்டதுக்கு 0.17 குறைவு. ஆனா திரும்ப எடுத்தா 0.12 குறைவு, மூணாம் தடவை 0.18. எதை நம்ப?

பாளை ரோட்டரி:

எதையும் நம்பாதீங்க. 0.05, 0.06 ஆடுறதுன்னா மூணு காரணம் உண்டு. கேஜ் பின் பிளஞ்சர்ல நேரா உக்காரல, இல்ல அடாப்டர் கை டைட்டா மட்டும் இருக்கு. ரெண்டாவது, டிடிசி மார்க்கை சாய்வாப் பாக்கீங்க. ஃபிளைவீல் மார்க் தெரியிற ஓட்டைக்கு நேரா கண்ணை வச்சுப் பாருங்க. மூணாவது பெல்ட் தொய்வு. கிராங்குக்கும் பம்ப் புல்லிக்கும் நடுவுல பெல்ட்டை விரலால அமுக்கிப் பாருங்க. தொளதொளன்னு இருந்தா டென்ஷனரை மேனுவல்ல சொன்னபடி திரும்ப செட் பண்ணிட்டுத்தான் பம்புக்கு வரணும். என் சந்தேகம் இதுல. மார்க்கு சேத்துட்டு டென்ஷனை அரைகுறையா விட்டா மார்க்கும் சரியா இருக்கும், பம்பும் ரெண்டு மூணு டிகிரி பின்தங்கும். பட்டறைக்காரர் பொய் சொல்லல, பாதி வேலை செஞ்சிருக்காரு.

கடனாநதி:

சொன்னது அப்படியே. டென்ஷனர் நட்டு டைட்டாத்தான் இருந்துச்சு, ஆனா பெல்ட் ஆடுது. சரி பண்ணிட்டு அளந்தா மூணு தடவையும் 0.08 குறைவு, ஒரே மாதிரி. பம்பைத் திருப்பி அளவுக்குக் கொண்டு வந்து, ரெண்டு சுத்து சுத்தி மறுபடி பாத்தேன், 0.01 வித்தியாசம். விட்டுட்டேன்.

ஸ்டார்ட் பண்ணுனா இப்ப மூணாவது பைப்ல டீசல் கசியுது. எவ்வளவு டைட் பண்ணியும் நிக்கல.

பாளை ரோட்டரி:

இன்னும் டைட் பண்ணாதீங்க, பைப் முனையில இருக்குற கூம்பு நசுங்கிரும். பம்ப் திரும்புனப்ப அந்த பைப் முறுக்கோட நிக்குது. ரெண்டு முனையையும் முழுசா தளர்த்தி, நாசில் பக்கம் கிளாம்பையும் எடுத்து, பைப் தானா நேரா உக்காருதான்னு பாத்துட்டு ரெண்டு பக்கமும் கையால மரை ஏத்துங்க. பொறவு 20லிருந்து 25 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். கசிவு எங்கன்னு ஓடும்போது விரலால தடவிப் பாக்காதீங்க. அந்த பிரஷர்ல டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிரும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்க.

கடனாநதி:

கசிவு நின்னுட்டு. இன்னைக்குக் காலையில ஒரே செல்ஃப், புகை அரை நிமிசம்கூட இல்ல. பழைய சத்தம் வந்துட்டு. ஸ்லோ ஸ்பீடு மட்டும் கொஞ்சம் ஏறுனாப்ல இருக்கு. மாஞ்சோலை ஏத்தம் நாளைக்குத்தான். மைலேஜை நாகர்கோவில் போயிட்டு வந்து பாக்கலாம்னு இருக்கேன்.

பாளை ரோட்டரி:

ஸ்லோ ஸ்பீடு ஏறுறது சரியான அறிகுறி, பின்தங்குன டைமிங்ல யாரோ ஸ்க்ரூவைத் திருகி வச்சிருக்காங்க. இன்ஜின் நல்லா சூடானதும் மேனுவல் அளவுக்கு இறக்குங்க.

மைலேஜை நாகர்கோவில் ரோட்டுல பாக்காதீங்க. வள்ளியூர் தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வரைக்கும் ஆடிக் காத்து எதுக்க நின்னா எந்த வண்டியும் ரெண்டு கிலோமீட்டர் குறைச்சுத்தான் குடுக்கும், பொறவு இன்னைக்கு செட் பண்ணுன டைமிங்கைத் திட்டுவீங்க. அம்பை, பாவநாசம் பக்கமே ஒரு டேங்க் ஓட்டிட்டுப் பாருங்க.

கடனாநதி:

ஏத்தம் பாத்தாச்சு அண்ணாச்சி. மூணாவதுலயே ஏறுது, முள்ளு பாதிக்கு மேல போகல. ஹீட்டர் பிளக் இன்னும் மாத்தல, இந்த வாரம் மாத்திருதேன்.