மரைன் டேங்க்: 24 நாளாச்சு, நைட்ரைட் இறங்கவே மாட்டேங்குது, மீன் விடலாமா?

உப்புக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். பல வருஷமா நல்லதண்ணி மீன்தான் வளர்த்துட்டிருந்தேன், இப்பத்தான் முதல் தடவையா மரைன் டேங்க் வச்சிருக்கேன், சென்னைதான். மூணுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடி, கல்லு மணல் போக 160 லிட்டர் நிக்கும். ஆர்ஓ தண்ணி, சால்ட் மிக்ஸ், காஞ்ச கல்லு 15 கிலோ, அழுக்கை நுரையாப் பிரிக்கற ஸ்கிம்மர், அலை கிளப்பற வேவ்மேக்கர் எல்லாம் ஓடுது. அமோனியா வரணும்னு பச்சை இறால் ரெண்டு வாங்கி வலைத்துணில கட்டித் தொங்கவிட்டேன், அது இன்னும் உள்ளேதான் வெள்ளைப் பஞ்சாட்டம் கரைஞ்சு தொங்குது. அமோனியா 4 வரைக்கும் ஏறி இப்ப 0.25. நைட்ரைட்தான் பத்து நாளா டெஸ்ட் கிட் கலர் கார்டுல கடைசி கட்டத்துலயே நிக்குது, சொட்டு விட்ட உடனே டியூப் கத்திரிப்பூ கலராயிடுது. நைட்ரேட் 80. கடைல கேட்டா ஒரு டாம்சல் மீன் விடுங்க, அதுவே சைக்கிளை (அமோனியாவை நைட்ரைட்டாவும் அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா டேங்க்ல பெருகறதை) முடிச்சுடும்ங்கறாங்க. பொண்ணு வேற தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் கிளவுன் மீன் எப்பப்பா வரும்னு கேக்குறா. தண்ணி மாத்தினா பாக்டீரியா போயிடுமா?

பவளத்திட்டு:
தம்பி, மொதல்ல அந்த இறாலை வெளிய எடுங்க. அது உள்ள இருக்கற வரைக்கும் அமோனியா வந்துட்டேதான் இருக்கும், அது மொத்தமும் நைட்ரைட்டா மாறிட்டே இருக்கும், அப்புறம் எப்படி இறங்கும்? அமோனியாவைத் தின்ற பாக்டீரியா சீக்கிரம் பெருகிடும், நைட்ரைட்டைத் தின்றது மெதுவாத்தான் வரும், அதனால இந்த இடத்துல எல்லாருக்குமே நிக்கும். பாக்டீரியா குடியிருக்கறது கல்லுலயும் மணல்லயும்தான், தண்ணில மிதக்கறது ரொம்பக் கம்மி, பயப்படாம பாதித் தண்ணி மாத்துங்க, ஆனா புதுத் தண்ணி அதே உப்பு அளவு அதே சூட்டுல இருக்கணும்.

கடைசி கட்டத்துல நிக்குதுன்னா உண்மையான அளவு 5ஆ 50ஆன்னு கார்டு சொல்லாது. ஒரு பங்கு டேங்க் தண்ணிக்கு ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணி கலந்து டெஸ்ட் பண்ணி, வர்றதை பத்தால பெருக்குங்க, அப்பத்தான் தினமும் இறங்குதான்னு தெரியும். அந்த நைட்ரேட் 80ஐ இப்ப நம்பாதீங்க, நைட்ரைட் இருந்தா நைட்ரேட் டெஸ்ட் கூட்டித்தான் காட்டும்.

அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமானப்புறம் சோதிச்சுப் பாக்க அமோனியம் குளோரைடு 1 கிராம் போடுங்க, உங்க 160 லிட்டருக்கு அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். 24 மணி நேரத்துல அமோனியா நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னா டேங்க் ரெடி. நவச்சாரம்னு ஈயம் பூசறவங்க வச்சிருப்பாங்களே அதே பொருள்தான், ஆனா அதைப் போட்டுடாதீங்க, கெமிக்கல் கடைல லேப் கிரேடு கேட்டு வாங்குங்க.

அலைஓசை:
டாம்சல் மட்டும் வேண்டாங்க, கெஞ்சிக் கேக்குறேன். எனக்கும் இதையேதான் சொன்னாங்க, ரெண்டு விட்டேன். மறுநாள் காலைல ஒண்ணு மேல வந்து தண்ணியை ஒட்டி நின்னு செவுளைப் படபடன்னு அடிச்சிட்டிருந்துது, சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சு. இன்னொண்ணு பொழைச்சுது, அப்புறம் ஆசையா வாங்கின கிளவுனைக் கல்லுக்குக் கிட்டயே வர விடாம விரட்டி விரட்டிக் கடிச்சுது. கடல் தண்ணில குளோரைடு நிறைய இருக்கறதால நைட்ரைட் செவுள் வழியா அவ்வளவா உள்ள போகாது, அதனால நைட்ரைட் பரவால்லன்னு சிலர் சொல்வாங்க, அது சரிதான், ஆனா உங்களுக்கு அமோனியாவே இன்னும் முடியலையே.

சென்னைன்னா சூட்டையும் பாருங்க. 26ல இருக்க வேண்டியது மே மாசம் 32 தாண்டும். மூடியை எடுத்துட்டு தண்ணி மேல ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி குறையும், ஆனா தண்ணி வேகமா வத்தும், வத்தினதுக்கு வெறும் ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல, ஏன்னா உப்பு ஆவியாப் போறதில்ல.

உப்புக்காத்து:
ரொம்ப நன்றி அண்ணா, இறாலை எடுத்துட்டேன். பத்துக்கு ஒண்ணு கலந்து பாத்தேன், நைட்ரைட் 20 வருது! உப்பு அளக்கற ஸ்கேல்ல 1.025 காட்டுது, அது சரிதானே? இன்னொண்ணு, ராமேஸ்வரம் பக்கத்துலேருந்து உயிருள்ள கல்லு (பாக்டீரியா குடியிருக்கற கடல் பவளக் கல்லு) கொண்டாந்து தர்றேன்னு ஒருத்தர் சொல்றார், போட்டா சைக்கிள் சீக்கிரம் முடியுமாமே?

பவளத்திட்டு:
உள்ள முள்ளு ஆடுற பிளாஸ்டிக் ஸ்கேல்னா, முள்ளுல ஒட்டியிருக்கற குமிழைத் தட்டி விட்டுட்டுப் பாருங்க, குமிழ் இருந்தா கூட்டிக் காட்டும்.

அந்தக் கல்லு வேண்டவே வேண்டாம் தம்பி. மன்னார் வளைகுடால எடுக்கற பவளம், உயிரோட இருந்தாலும் செத்துப் போனதா இருந்தாலும், 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலிக்கு இருக்கற அதே அட்டவணை. விக்கறவருக்கு மட்டுமில்ல, வீட்ல வச்சிருக்கற உங்களுக்கும்தான் கேஸ். அந்தத் திட்டுங்களை முன்னாடி சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் வெட்டி வெட்டியே பாழாக்கிட்டாங்க, மிச்சம் இருக்கறதையாவது விட்டு வைப்போம். மரைன் டேங்க் வச்சிருக்கற நண்பர் யாராவது இருந்தா அவர் ஃபில்டர்லேருந்து நோயில்லாத டேங்க்தானான்னு கேட்டுட்டு பாக்டீரியா ஒட்டியிருக்கற செராமிக் ரிங்க் ஒரு கைப்பிடி வாங்கிப் போடுங்க, அதுவே போதும். கிளவுன் வாங்கும்போதும் கடல்ல பிடிச்சதான்னு கேளுங்க, தொட்டில பொரிச்சுத் தீவனத்துக்குப் பழகினது கிடைக்குது.

உப்புக்காத்து:
38வது நாள். நேத்து ராத்திரி 1 கிராம் போட்டேன், இன்னிக்கு அமோனியா பூஜ்யம், நைட்ரைட் டியூப் வெறும் வானநீலம். மணல் மேல காப்பித்தூள் தூவின மாதிரி பழுப்பாப் படிஞ்சிருக்கு, ஸ்கிம்மர் கப்புல இன்னும் ஒண்ணும் வரல. ஞாயித்துக்கிழமை பாதித் தண்ணி மாத்திட்டு பொண்ணையும் கூட்டிட்டு கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போறேன், தொட்டில பொரிச்சது ஒரு ஜோடி மட்டும்.

அலைஓசை:
அந்தப் பழுப்பு டயட்டம்ங்கற பாசி, தானாப் போயிடும், சுரண்டாதீங்க. மீன் வர்ற கவர்த் தண்ணியை டேங்க்ல ஊத்திடாதீங்க, மீனை மட்டும் எடுத்து விடுங்க, அன்னிக்கு லைட் போட வேண்டாம்.